மருமகள் திரும்பி ஓடிய நாள்

பால் காய்ச்சும் சின்னப் பாத்திரத்தில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அதற்குள் லாட வடிவத்தில் ஒரு ரப்பர்த் துண்டு மிதந்தது. மருமகள் அதைக் கரண்டியால் எடுத்து, இரண்டு தரம் உதறி, வாய்க்குள் வைத்து அழுத்திக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். இருபது வரை எண்ண வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தாள். சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்து எண்ணினேன். வெளியே எடுத்தபோது அவளுடைய மேல்வரிசைப் பற்கள் அதில் குழி குழியாகப் பதிந்திருந்தன. அவற்றையும் எண்ணினேன். பதினான்கு. இது எதற்கு என்று கேட்டேன். "பல்லு போவாம இருக்கத்தான் மாமா" என்றாள். பல் போகிற ஆட்டத்துக்கு எதற்குப் போக வேண்டும் என்ற கேள்வி என் நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. கேட்காமல் விட்டதை வைத்து என்னை நல்லவன் என்று நினைத்துவிட வேண்டாம். அதற்கு முன்பும் பின்பும் பல தரம் கேட்டிருக்கிறேன்.

நான் வட்டாரப் புள்ளியியல் ஆய்வாளராக முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்தவன். மழைமானியைப் படிப்பது, அறுவடை வயலில் சதுரம் போட்டு அதிலுள்ள கதிரை நிறுப்பது, ஆடு மாடுகளைக் கணக்கெடுப்பது, இவைதான் என் பிழைப்பு. ஓய்வு பெற்ற பிறகும் எண்ணுவது நிற்கவில்லை. மொரப்பூர் ஸ்டேஷனில் சரக்கு ரயில் போனால் பெட்டிகளை எண்ணுவேன். யாராவது வீடு திரும்பத் தாமதமானால் நிமிடங்களை எண்ணுவேன். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் விபத்து என்றுதான் மனம் சொல்லும். என் மனைவி இருந்தவரை இதற்காக என்னைத் திட்டினாள். அவள் போன மறு வருடம் மகனுக்குக் கல்யாணம் செய்தோம். மகனுக்கு ஓசூரில் தொழிற்சாலை வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவான். ஆகவே வாரத்தில் ஆறு நாள் அந்த வீட்டில் நானும் மருமகளும்தான். பிறகு பேத்தி பிறந்தாள்.

மருமகள் சித்தேரி மலையடிவாரத்து ஊர்க்காரி. பள்ளியில் படிக்கும்போது மாவட்டக் கபடி அணியில் ஆடியவள். கல்யாணத்தோடு அது நின்றது. பேத்திக்கு ஒன்றரை வயதாக இருந்தபோது அதியமான்கோட்டையில் பெண்கள் கபடிப் போட்டி நடந்தது. ஓர் அணியில் ஆள் குறைகிறது என்று பழைய தோழி வந்து கூப்பிட்டாள். குழந்தையை என் மடியில் வைத்துவிட்டுப் போய் ஆடினாள். எதிர் அணியில் பாடி வந்தவர்களைப் பதினோரு தரம் பிடித்தாள். ஒருத்தியும் திமிறிக்கொண்டு போகவில்லை. ஆட்டம் முடிந்ததும் சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு பெண் அவளைத் தேடி வந்தார். ரக்பி பயிற்சியாளர். நாங்கள் எல்லோரும் அவரை மேடம் என்றே அழைத்தோம். அவர் மாவட்டம் மாவட்டமாகப் போய்க் கபடிக்காரிகளையும் குண்டு எறிகிறவர்களையும் ஓட்டக்காரிகளையும் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பெண்களுக்கு ரக்பி சொல்லித்தரும் பள்ளி அப்போது எங்கள் பக்கம் ஒன்றுகூடக் கிடையாது. நாட்டுக்காக ஆடும் பெண்கள் அணியே அப்படித்தான் சேர்ந்துகொண்டிருந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு மாநிலத்திலும் வேறு ஏதோ ஓர் ஆட்டத்திலிருந்து கடனாக வாங்கிய பெண்கள்.

பயிற்சிக்கு மொரப்பூருக்கு வெளியே வறண்டு கிடந்த ஏரியைப் பிடித்தார்கள். முதல் இரண்டு நாள் யாரும் ஆடவில்லை. கருவேல முள் பொறுக்கினார்கள். மூன்றாம் நாள் மேடம் விதிகளைச் சொன்னார். ஒரு பக்கம் ஏழு பேர். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் ஓடலாம். ஆனால் கையால் எறிவதானால் பின்னால் வருகிறவளுக்குத்தான் எறிய வேண்டும். எதிராளி இடுப்பையோ காலையோ கட்டி வீழ்த்தலாம். வீழ்த்திய உடனே பிடியை விட்டுவிட வேண்டும். எதிர் எல்லைக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துவிட்டால் ஐந்து புள்ளி. பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு கரையில் நின்று கேட்டேன். எளிதாகத்தான் இருந்தது.

மருமகள் கையில் பந்து வந்தது. நடுக்கோட்டைத் தாண்டினாள். தாண்டியதும் அவள் உதடு அசைவதைப் பார்த்தேன். மூச்சை அடக்கிப் பாட ஆரம்பித்துவிட்டாள். இரண்டு பேரை உரசிக்கொண்டு போனாள். முன்னால் ஒருவரும் இல்லை, எல்லை இருபது அடியில் இருந்தது. சடாரென்று திரும்பித் தன் பக்கத்துக்கே ஓடிவந்து, நடுக்கோட்டைத் தொட்டு, மூச்சு வாங்க நின்று சிரித்தாள். தொட்ட இரண்டு பேரும் அவுட் என்று நினைப்பு.

"ஏம்மா, எங்க திரும்பி வர்ற?" என்று மேடம் கத்தினார்.

"திரும்பி வரலைன்னா நாந்தான மேடம் அவுட்டு?"

"இதுல திரும்பவே கூடாதும்மா. போனா போனதுதான்!"

ஏரி முழுக்கச் சிரிப்பு. அன்றிலிருந்து முதல் மாதத்தில் ஒன்பது தரம் அப்படித் திரும்பி ஓடினாள். ஒன்பதையும் தேதியோடு குறித்து வைத்திருக்கிறேன். எதிராளியை வீழ்த்திய பிறகு பிடியை விடுவதற்கு இன்னும் அதிக நாள் பிடித்தது. கபடியில் பிடித்தால் விடக் கூடாது, இங்கே பிடித்ததும் விட வேண்டும். "கை கேக்க மாட்டேங்குது மாமா" என்பாள். நாளடைவில் கை கேட்டது. பத்தாவது தரம் என்று ஒன்று வரவில்லை. அதற்கப்புறம் நான்கு ஆண்டுகள் திரும்பி ஓடவே இல்லை.

ஊரில் பேசாமல் இருப்பார்களா. ஆண்கள் அணி போட்டுக் கழித்த சட்டைகளை மேடம் கொடுத்திருந்தார். அவற்றை அளவு குறைக்கக் கடைவீதித் தையல்கார பாயிடம் நான்தான் கொண்டுபோனேன். "என்னா சார், ஏழு பேர் ஆட்டத்துக்கு பன்னெண்டு சட்டை கொண்டாந்திருக்கீங்க? ஓரோர் ஆட்டத்துக்கும் அஞ்சு பேர் செத்துப்போவாங்களா?" என்றார் பாய். மீதி ஐந்து பேர் மாற்று ஆட்கள் என்று விளக்கினேன். விளக்கும்போதே, மாற்று ஆள் ஐந்து பேர் வேண்டுமென்றால் அடிபடுகிறவர்கள் எத்தனை பேர் என்று மனம் கணக்குப் போட்டுவிட்டது. வீட்டுக்கு வந்து மருமகளிடம் இதை விட்டுவிடச் சொன்னேன். அவள் பேத்திக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். "மாமா, நீங்க கவலப்படாத நாள் ஒரு நாள் சொல்லுங்க, அன்னிக்கி வுட்டுடறேன்" என்றாள்.

மாநில அணிக்கு ஆடினாள். பிறகு நாட்டு அணிக்கான பயிற்சி முகாமுக்கு அழைப்பு வந்தது. ஒடிசா, பீகார், வங்காளம், மகாராஷ்டிரம் என்று பல இடத்துப் பெண்கள். வெளிநாட்டுப் பயிற்சியாளர் ஆங்கிலத்தில் சொல்வார், ஒருத்தி இந்தியில் சொல்வாள், மீதிப்பேர் அவள் செய்வதைப் பார்த்துச் செய்வார்கள். சிலருக்குக் காலில் சரியான பூட்ஸ் கிடையாது. இரண்டு பேர் ஒரு ஜோடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்களாம். நடுவில் போலியாக ஓடிப் பந்தை மூன்றாவது ஆளுக்குத் தள்ளும் உத்தி ஒன்று உண்டு. அதற்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்தால் எதிரணி புரிந்துகொள்ளும் என்று மருமகள் தமிழில் ஓர் எண்ணைக் கொடுத்தாள். மூணு. ஒடிசாக்காரியும் பீகார்க்காரியும் மைதானத்தில் "மூணு, மூணு" என்று கத்துவதை வீட்டில் வந்து செய்து காட்டுவாள். பேத்தியும் கத்துவாள். நானும் சிரித்திருக்கிறேன்.

முதல் வெளிநாட்டுப் பயணத்துக்குப் பன்னிரண்டு பேரைத் தேர்வு செய்யும் நாள் வந்தது. மருமகளுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. இந்த முறை இல்லையென்றால் இனி இல்லை என்று அவளுக்கும் தெரியும், மேடத்துக்கும் தெரியும். மகனுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. ஐந்தரை வயதுப் பேத்தியைப் பார்த்துக்கொள்ள நான் கூடப் போனேன். வடக்கே ஒரு பெரிய நகரம், இரண்டு நாள் ரயில். இருபத்திரண்டு பேரை நீலம், மஞ்சள் என்று பிரித்து மூன்று ஆட்டங்கள் ஆடவிட்டார்கள். மருமகள் நீலம். கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் ஒரு வேப்ப மரத்தடியில் எனக்கும் பேத்திக்கும் இடம் கொடுத்தார்கள்.

முதல் ஆட்டத்தின் நாலாவது நிமிடத்தில் மஞ்சள் அணியில் ஒரு பெரிய பெண்ணின் காலைக் கட்டி வீழ்த்தினாள். விழும்போது அந்தப் பெண்ணின் முழங்கால் மருமகளின் தலையோரம் மோதியது. பந்து அதற்குள் மறுபக்கம் போய்விட்டதால் எல்லோர் கண்ணும் அங்கே. நான் மட்டும் எண்ணினேன். நான்கு வரை எண்ணுவதற்குள் எழுந்துவிட்டாள். ஓடவும் ஓடினாள். எனக்கு நெஞ்சு படபடத்தது. ஆனால் எனக்குத்தான் எதற்கெடுத்தாலும் படபடக்குமே என்று இருந்துவிட்டேன்.

இடைவேளை இரண்டு நிமிடம். வேலியோரம் தண்ணீர் குடிக்க வந்தவள், "எத்தன மாமா?" என்றாள். நாம் பத்து, அவர்கள் ஐந்து, கடைசியாகப் புள்ளி எடுத்தது மஞ்சள் அணி என்றேன். தலையாட்டினாள். தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடி, "எத்தன மாமா?" என்றாள். மறுபடி சொன்னேன். பேத்தியின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு மூன்றாம் தரமும் கேட்டாள். மூன்றாம் தரமும் சொன்னேன். இதை இன்று எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆயுளில் என் எண்ணிக்கையை எவரும் இரண்டாம் தரம் கேட்டதில்லை. மூன்று தரம் கேட்கிறாளே என்று எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. பெருமைதான் கண்ணை மறைத்தது.

இரண்டாம் பாதி தொடங்கியதும் பந்து அவள் கைக்கு வந்தது. நடுக்கோட்டைத் தாண்டினாள். ஒருத்தியை உரசினாள், இன்னொருத்தியை உரசினாள். முன்னால் வெட்டவெளி. அவள் உதடு அசைவதை நான் பார்த்தேன். சடாரென்று திரும்பித் தன் பக்கத்துக்கே ஓடிவந்து நடுக்கோட்டைக் காலால் தொட்டு நின்றாள். பார்த்தவர்கள் சிலர் சிரித்தார்கள். நான் எழுந்து நின்றுவிட்டேன். பத்தாவது தரம்.

ஆட்டம் முடிந்ததும் மேடம் சந்தேகப்பட்டு அவளை மருத்துவரிடம் அனுப்பினார். இளம்பெண் அந்த மருத்துவர். வேலிக்கு அருகிலேயே நிறுத்தி ஆங்கிலத்திலும் இந்தியிலும் கேட்டார். இது எந்த மைதானம், முதல் பாதி முடிந்தபோது யாருக்கு எத்தனை புள்ளி, கடைசியாகப் புள்ளி எடுத்தது யார். மருமகள் டக்டக்கென்று சொன்னாள். பத்து, ஐந்து, மஞ்சள். எல்லாம் சரி. நான் மூன்று தரம் சொல்லிக்கொடுத்த விடைகள் சரியாக இல்லாமல் எப்படி இருக்கும்? மருத்துவர் போகலாம் என்று கையைக் காட்டினார். மருமகள் திரும்பினாள். அப்போது என் முகத்தைப் பார்த்தாள். நான் என்ன நினைக்கிறேன் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வேலிக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, வாயத் தொறக்காதீங்க. இன்னும் கொஞ்ச ஆட்டந்தான். உங்க கால்ல வுழறேன்."

"தல வலிக்குதாம்மா?"

"இல்லீங்க மாமா. சத்தியமா இல்லீங்க."

"இப்ப எத்தனாவது ஆட்டம் முடிஞ்சுது?"

அவள் மைதானத்தைத் திரும்பிப் பார்த்தாள். கம்பிக்குள் விரலை விட்டு என் சட்டை நுனியைப் பிடித்தாள். பிறகு, "நீங்க எனக்கு அப்பா மாதிரி" என்றாள். அதுவரை அப்படி ஒரு வார்த்தை அவள் சொன்னதில்லை.

நான் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வேலியைச் சுற்றி மருத்துவரிடம் நடந்தேன். அறுபத்தாறு அடி. என் ஆங்கிலம் அரசாங்கக் கடிதம் எழுதிப் பழகிய ஆங்கிலம். ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்டாள் என்றேன். விடைகள் என்னுடையவை என்றேன். திரும்பி ஓடினாளே, அது நான்கு ஆண்டுக்கு முன்பு அவள் ஆடிய ஆட்டம், அவள் இப்போது இங்கே இல்லை என்றேன். மருத்துவருக்குக் கபடி விளங்கவில்லை. மேடம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு விளங்கியது. தலையைக் குனிந்துகொண்டார். மூன்று வாரம் ஆடக் கூடாது என்று எழுதினார்கள். அணி இரண்டு வாரத்தில் விமானம் ஏற வேண்டும்.

ரயிலில் மருமகள் இரண்டு தரம் வாந்தி எடுத்தாள். வீட்டுக்கு வந்து ஒன்பது நாள் ஜன்னலைத் திறக்க விடவில்லை, வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று மகனிடம் சொன்னாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சோறு போட்டாள், காபி வைத்தாள், மாத்திரையை எடுத்துக்கொடுத்தாள். பேசவில்லை. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் பேத்தியிடம் சொல்லி அனுப்புவாள். "தாத்தா, தண்ணி காஞ்சிருச்சாம்" என்று வந்து நிற்பாள் குழந்தை.

அணி வெளிநாட்டில் ஆடிய ஆட்டத்தைப் பாய் தன் கடையில் போனில் போட்டு எங்களைக் கூப்பிட்டார். மருமகளும் வந்தாள். எனக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள். அவள் இடத்தில் ஆடியவள் எதிரணிக்காரி ஒருத்தியை நன்றாகக் கட்டி வீழ்த்தினாள். "இது நம்ம புள்ள இருக்க வேண்டிய எடமில்ல?" என்றார் பாய். "சூப்பரா புடிச்சா, பாருங்க பாய்" என்றாள் மருமகள். கொஞ்ச நேரம் கழித்து, அந்த இரைச்சலுக்குள், யாரோ ஒருத்தி கத்தியது தெளிவாகக் கேட்டது. "மூணு! மூணு!" ஒடிசாக்காரியோ, பீகார்க்காரியோ. கடல் தாண்டிய ஒரு மைதானத்தில் மருமகளின் சொல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் தையல் மிஷின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு எழுந்து தனியாக வீட்டுக்கு நடந்தாள். பாய் போனை அணைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவளை யாரும் அழைக்கவில்லை. பள்ளியிலிருந்தே ரக்பி ஆடி வளர்ந்த பெண்கள் வந்துவிட்டார்கள். அவர்களில் எவளும் மூச்சை அடக்குவதில்லை, எவளும் திரும்பி ஓடுவதில்லை. கடனாக வாங்கிய பெண்களின் காலம் முடிந்தது. அணி அவர்கள் மேல் ஏறி நின்று உயர்ந்தது என்று யாராவது சொன்னால், அது சரிதான். ஆனால் அதைக் கேட்டு ஆறுதல் அடைகிறவர்கள் அந்தப் பெண்கள் அல்ல.

நான் செய்தது சரிதான் என்று பலர் சொல்லிவிட்டார்கள். மருத்துவர் சொன்னார், மகன் சொன்னான். இரண்டாம் அடி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று விளக்கினார்கள். நடந்ததை என்னால் எண்ண முடியும். நடக்காமல் போனதை எந்தப் படிவத்தில் எழுதுவது? இன்னொன்றும் இருக்கிறது. அவள் ஆட்டத்தை விட்டுவிட்டு வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டவன். அன்றைக்கு அந்த அறுபத்தாறு அடி நடந்த காலில் அந்த ஆசையும் கொஞ்சம் இருந்ததா? இல்லை என்று என்னால் கையெழுத்துப் போட முடியாது.

இப்போது அதே ஏரிக்கரையில், முள் இல்லாமல் சுத்தம் செய்த ஒரு மைதானத்தில் மருமகள் முப்பத்தைந்து பெண்களுக்குச் சொல்லித்தருகிறாள். இருவர் நாட்டு அணி முகாம்வரை போய்வந்திருக்கிறார்கள். மூன்றாவதாக, சித்தேரி மலையிலிருந்து வரும் ஒரு பெண்ணுக்கு இந்த மாதம் அழைப்பு வந்தது. பதினெட்டு வயது, காற்று மாதிரி ஓடுவாள். முகாமுக்கு ஆறு நாள் இருக்கும்போது ஒரு மாவட்ட ஆட்டத்தில் தலை தரையில் மோதி விழுந்தாள். எழுந்து எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னாள். மருமகள் மட்டும் அவள் பூட்ஸ் கயிற்றைக் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டி முடித்ததை அவிழ்த்து மறுபடி கட்டினாள் அந்தப் பெண். அன்று மாலையே முகாமுக்கு மருமகள் எழுதிவிட்டாள், இந்தப் பெண் இப்போது வர முடியாது என்று.

மறுநாள் அந்தப் பெண்ணின் அப்பா மலைப் பஸ்ஸில் இறங்கி நேராக எங்கள் வாசலுக்கு வந்தார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"ஏம்மா, எம்புள்ள கல்லு மாதிரி இருக்கறா. நீ யாரு அவ நல்லா இல்லன்னு எழுதறதுக்கு? உனக்குக் கெடைக்கலன்னு அவளுக்கும் கெடைக்கக் கூடாதா?"

ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மருமகள் என்னைக் கையமர்த்தினாள்.

"திட்டுங்கண்ணா" என்றாள். "நாளைக்கும் வந்து திட்டுங்க. ஆனா அவள ஆஸ்பத்திரியில காட்டிட்டு வந்து திட்டுங்க."

அவர் சொம்புத் தண்ணீரைக்கூட வாங்காமல் போய்விட்டார். ஆனால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார் என்று தெரிந்தது. மூன்று வாரம் ஓய்வு என்று எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பெண் மறுநாளே மைதானத்துக்கு வந்து கரையோரம் உட்கார்ந்துகொண்டாள். ஆடவில்லை. மருமகள் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் தினமும் வருகிறாள்.

நேற்றுச் சாயங்காலம் மைதானத்துக்குக் கிளம்பும்போது மருமகள் பந்துப் பையை வாசலில் வைத்துவிட்டு என் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"நீங்க அன்னிக்கிச் சொன்னது சரின்னு நான் இன்னிக்கும் சொல்ல மாட்டேன் மாமா" என்றாள். "ஆனா நானும் அதத்தான் செஞ்சிருக்கறேன்."

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ஒன்னு கேக்கறேன். எத்தன நாள் நான் உங்ககிட்டப் பேசல? நீங்க எண்ணாம இருந்திருக்க மாட்டீங்க."

"நாப்பத்தொன்னு."

"அவ்ளோ நாளா?" அவள் முகத்தில் முதலில் வந்தது சிரிப்பா வேறு ஏதோவா என்று எனக்குத் தெரியவில்லை. பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். "அந்தப் புள்ள எங்கிட்டப் பேசாம இன்னியோட மூணு நாள் ஆச்சு. அப்ப இன்னும் முப்பத்தெட்டு இருக்குது."

செருப்பை மாட்டிக்கொண்டு ஏரிப் பக்கம் நடந்தாள். வழக்கத்தைவிடச் சற்று வேகமாகவே போனாள்.